இன்று விருந்தாளிகள் யாராவது உண்டா?

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். ஊரில் இருக்கும் உங்களுக்கு, இதையெல்லாமா எழுதுவார்கள் என்று தோன்றும். ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு நாங்கள் வந்த பிறகு, எங்களைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வாசல் மணியை அடித்தது இதுதான் முதல் தடவை. மகனைப் பார்க்க வருகிறார்கள். மருமகளைப் பார்க்க வருகிறார்கள். பேத்தியின் தோழிகள் வந்து மாடியில் குதிக்கிறார்கள். பார்சல்காரர் மணியை அடித்துவிட்டு, நான் செருப்பைத் தேடுவதற்குள் வண்டியில் ஏறிப் போய்விடுகிறார். எங்களுக்கென்று வந்தவர் கிரஹாம் ஒருவர்தான்.

என் மனைவி ரேணுகா வெள்ளிக்கிழமையே அமர்க்களத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"அவரு காரம் துன்னுவாரா?"

"தெரியல."

"கறி துன்னுவாரா, இல்ல சைவமா?"

"துன்னுவாரு. தீயில வாட்டித் துன்னத நானே பாத்துகீறேன்."

"காபி குடிப்பாரா, டீயா?"

அதுவும் தெரியவில்லை. ரேணுகா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இத்தினி வருஷமா அந்த ஆளுகூட ஒக்காந்து சோறு துன்னுக்கினு கீறீங்க. இன்னா குடிப்பாருன்னுகூட தெரியலன்னா இன்னா சிநேகிதம் இது?"

நியாயமான கேள்விதான். நான் தோட்டத்துக்குப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் என் அலமாரியிலிருந்த பையைக் கவிழ்த்து, அதிலிருந்த கொடிகளையெல்லாம் ஒரு நூலில் கோத்து, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் தோரணமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். வீடு மொட்டையாக இருக்கிறதாம். அவரும் அதே சங்கத்து ஆள் ஆயிற்றே, பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றாள்.

அந்தக் கொடிகள் எப்படி என் பைக்கு வந்தன என்பதைச் சொன்னால்தான், கிரஹாம் வந்த கதை உங்களுக்குப் புரியும்.

2

திருப்பதியில் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்தேன். பிறந்தது நகரி. நைனா தறி ஓட்டினார். நான் ஊரார் மூக்கில் கண்ணாடி மாட்டினேன். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பில்லில் இங்கிலீஷ். மலையில் மொட்டை போடும்போது கண்ணாடியைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டு, கீழே வந்து இறங்கியதும் பஸ் நம்பர் தெரியாமல் நிற்பவர்கள் எத்தனை பேர் என்பது என் கடையில் ஒருநாள் உட்கார்ந்தால் தெரியும். "முடிய பெருமாள் எடுத்துக்கினாரு, கண்ணாடிய உனுக்கு வுட்டுட்டாரு" என்பான் ரத்னம்.

முனிரத்னம் நகரியில் என்னோடு படித்தவன். திருப்பதியில் ஹார்டுவேர் கடை. சங்கத்துக்கு என்னை இழுத்துப் போனது அவன்தான். எந்தச் சங்கம் என்று பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சட்டைப் பைக்கு மேல் சங்கச் சின்னம் போட்ட ஒரு பின்னைக் குத்திக்கொண்டு, கண் சிகிச்சை முகாம் நடத்தி, பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் என்றால் உங்களுக்கே புரியும். உலகம் முழுவதும் கிளை உண்டு. முகாமுக்குக் கண்ணாடிக்காரன் தேவை என்று சேர்த்தார்கள். நான் சங்கத்தையே பிடித்துக்கொண்டேன்.

சங்கத்தில் ஒரு வழக்கம். நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே உள்ள கிளையின் கூட்டத்துக்குப் போகலாம். கூட்டம் ஆரம்பித்ததும் தலைவர் மணி அடித்து, "இன்று விருந்தாளிகள் யாராவது உண்டா?" என்று கேட்பார். நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். உங்கள் ஊர்க் கிளையின் கொடியை, முக்கோணமாகப் பட்டுத்துணியில் கையகலத்துக்கு இருக்கும், அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் தங்கள் கொடியை உங்களுக்குத் தருவார். கைதட்டல், போட்டோ, அப்புறம் சாப்பாடு. அன்றைக்கு நீங்கள் அங்கே உட்கார்ந்ததைச் சொந்த ஊரில் உட்கார்ந்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அடிலெய்டில் சாப்பிட்டாலும் திருப்பதியில் ஆஜர். இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தாரோ, வீட்டை விட்டுப் பல நாள் வெளியே இருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் கொடியை வரைந்தவன் நான். கீழே சங்கத்தின் பெயர், மேலே ஏழு மலை. அச்சடிக்கப் போகும்போது ரத்னம் எண்ணிப் பார்த்து, "டேய், ஆறுதான்டா கீது" என்றான். ஏழாவதை ஓரத்தில் நெருக்கி நுழைத்தோம். பார்த்தால் ஒரு மலை மட்டும் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் தொற்றிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். அதுவே எங்கள் கொடிக்கு அடையாளம் ஆகிவிட்டது.

திருமலைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் எங்கள் கூட்டத்துக்கு வந்ததுண்டு. டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதியை நான்தான் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தேன். மாலை போட்டோம், கொடி மாற்றினோம், அவர்கள் ஊர்க் குளிரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டோம். பிறகு நாங்கள் தெலுங்கில் ரியல் எஸ்டேட் பேசப் போய்விட்டோம். அந்த மனிதர் இட்லித் தட்டோடு கை கழுவும் இடத்துப் பக்கம் நின்று, சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது ஏனோ எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

3

கடையைக் கொடுத்துவிட்டு நாங்கள் புறப்பட்டபோது சங்கத்தில் பிரிவுபசாரம் நடந்தது. ஒரு பை நிறையக் கொடிகளை ரத்னம் என் கையில் திணித்தான். "போற எடத்துல எல்லாம் நம்ம கொடிய நட்டுட்டு வா" என்றான். வா என்றுதான் சொன்னான்.

இங்கே வந்ததும் எங்களுக்குக் கிடைத்தது ஒரு பால விசா, ஆங்கிலத்தில் பிரிட்ஜிங் விசா. நிரந்தர விசாவுக்கு மனுப் போட்டவர்கள், அது வரும் வரைக்கும் இருக்கக் கொடுக்கும் அனுமதிக்குப் பெயரே அதுதான். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சித்தூர் போலீஸிடமிருந்து நான் நல்லவன் என்று எழுதி வாங்கச் சொன்னார்கள். ஆந்திராவில் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஒரு வாத்தியார் எனக்கு ஊர்ப் பெயரையே வீட்டுப் பெயராக எழுதிவிட்டார். அது பாஸ்போர்ட் வரை வந்துவிட்டது. அதனால் இங்கே எல்லா அலுவலகத்திலும் நான் 'மிஸ்டர் நகரி'. கோதண்டம் என்று கூப்பிட வீட்டுக்கு வெளியே ஆளில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் "நகரி" என்று கூப்பிடும்போது, ஊரே எழுந்து போவதுபோல் நான் மட்டும் எழுந்து போவேன்.

மகன் கார்த்திக் நல்லவன். காலையில் போனால் சாயங்காலம் வருவான், வந்ததும் லேப்டாப்பைத் திறப்பான். "சாப்ட்டியாப்பா?" என்று கேட்பான். பதிலைக் கேட்பதற்குள் யாரோ ஒருவருக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லத் தொடங்கியிருப்பான். ரேணுகா இங்கே பிழைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு வியட்நாம் அம்மாளும் அவளும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தையும் புரியாமல், வெண்டைக்காயைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எனக்கு வார்த்தை வேண்டும், கேட்பதற்கு ஆள் வேண்டும். கடையில் உட்கார்ந்து நாளெல்லாம் பேசிப் பழகிய வாய்.

ஒரு புதன்கிழமை மதியம், பின்னைக் குத்திக்கொண்டு, கொடி ஒன்றைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, எங்கள் பேட்டைக் கிளையின் கூட்டத்துக்குப் போனேன். ஒரு ஹோட்டலின் பின் அறை. எல்லாம் என் வயதுக்காரர்கள், சிலர் என்னைவிடப் பெரியவர்கள். வாசலில் ஒருவர், "நல்லா இருக்கீங்களா?" என்ற அர்த்தத்தில் ஏதோ கேட்டார். நான் நின்று முழங்கால் வலியைப் பற்றி விவரமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அங்கே அது கேள்வியே அல்ல, வெறும் வணக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றவர்தான் கிரஹாம். ஓய்வு பெற்ற பள்ளிக்கூடப் பஸ் டிரைவர், மனைவி இல்லை, குரல் கொஞ்சம் கரகரப்பு.

தலைவர் மணியடித்தார். விருந்தாளிகள் யாராவது உண்டா என்றார். எழுந்தேன். மூன்று வாக்கியம் சொன்னேன். "நான் ஒரு மலையடிவாரத்து ஊரிலிருந்து வருகிறேன். தென்னிந்தியா முழுவதும் அங்கே கடவுளைப் பார்க்க வந்து கண்ணாடியைத் தொலைக்கும். நீங்கள் வந்தால் என் வீட்டுக்கு வாருங்கள்." சிரித்தார்கள், கைதட்டினார்கள். தொற்றிக்கொண்டிருக்கும் ஏழாவது மலையைக் காட்டி விளக்கம் கேட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து ரேணுகாவின் காதைத் துளைத்துவிட்டேன். போட்டோவை ரத்னத்துக்கு அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் உடனே வந்தது. திருப்பதியில் நான் ஆஜர்.

4

அடுத்த புதன்கிழமையும் அங்கேயே போனேன். எல்லோரும் தலையசைத்தார்கள். விருந்தாளிகள் உண்டா என்று தலைவர் கேட்டார். நான் பாதி எழுந்தேன். அவர் சிரித்து, "உங்களைத்தான் தெரியுமே" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பிறகு அவர்கள் ஃபுட்பால் பேசினார்கள். யார் வீட்டுக் கூரையில் யார் ஏறி விழுந்தார் என்று பேசினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உப்பு எடுத்துத் தந்தார்கள். ஆனால் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முதல் நாள் விருந்தாளிக்கு வாழையிலை, இரண்டாம் நாள் தையல் இலை என்பார்கள் நம் பக்கம். அந்த மேசையில் நான் இரண்டாம் நாள் ஆள்.

அதனால் மூன்றாவது வாரம் வேறு பேட்டைக்குப் போனேன். ரயிலில் கொஞ்ச தூரம். அங்கேயும் ஒரு ஹோட்டல், ஒரு மணி, ஒரு தலைவர். விருந்தாளிகள் யாராவது உண்டா? எழுந்தேன். மூன்று வாக்கியம். கைதட்டல். அதற்கடுத்த வாரம் இன்னொரு பேட்டை. நகரத்துக் கிளைகள் முடிந்ததும் பஸ் பிடித்து வெளியூர் போக ஆரம்பித்தேன். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிளை, கடற்கரையில் ஒரு கிளை. "கொடி விக்கிறவரு கெளம்பிட்டாரு" என்று ரேணுகா என் பிளாஸ்கில் காபி ஊற்றித் தருவாள். ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் நான் முக்கியமான மனிதன். அந்த ஒரு மணி நேரத்தை வைத்து மீதி நாட்களை ஓட்டினேன். தனிமை என்றால் என்னவென்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: இரண்டாவது தடவை போக ஓர் இடம் இல்லாமல் இருப்பது.

ஒருநாள் பேத்தி மேகாவைப் பள்ளியிலிருந்து அழைத்து வரப் போயிருந்தேன். அவள் தோழி, இது யார் என்று கேட்டாள். "என் தாத்தா. எங்களைப் பார்க்க வந்திருக்கார்" என்று மேகா ஆங்கிலத்தில் சொன்னாள். நாங்கள் வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

5

கிரஹாம் மட்டும் விடவில்லை. எங்கேயாவது என்னைப் பார்த்தால், "ஊர் சுற்றினது போதும், எங்கள் கிளையில் சேர்" என்பார். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, பெரிய ஹார்டுவேர் கடை வாசலில் அவர்கள் கிளை ரொட்டியில் சாசேஜ் என்ற இறைச்சித் துண்டை வைத்து விற்கும். அந்தப் பணம் முகாம்களுக்குப் போகும். ஒருநாள் வேலைக்கு ஆள் போதாமல் என்னைக் கூப்பிட்டார். சாசேஜ் பக்கம் போக எனக்குப் பயமாக இருந்ததால் வெங்காயத்தைக் கொடுத்தார்கள். பெரிய இரும்புத் தட்டில் வெங்காயத்தைப் புரட்டிக்கொண்டே நின்றேன். நான் கொஞ்சம் கடுகைத் தாளித்திருப்பேன், கடுகு கைவசம் இல்லை.

"விருந்தாளிக்கு யாரும் வெங்காயம் கொடுக்க மாட்டார்கள்" என்றார் கிரஹாம். "நீ எப்போதோ எங்கள் ஆள். பெயரை மட்டும் எங்கள் கிளைக்கு மாற்றிக்கொள்."

அதுதான் சங்கடம். ஒருவர் ஒரு கிளையில்தான் இருக்க முடியும். இங்கே சேர்ந்தால் திருப்பதியில் பெயர் போய்விடும். எனக்கு அங்கே கடை இல்லை, வீடு இல்லை, ரேஷன் கார்டிலும் பெயர் நீக்கியாகிவிட்டது. சங்கத்தில் மட்டும்தான் என் பெயர் இருந்தது. அது அங்கே இருக்கிறவரைக்கும் நான் பயணம் போயிருக்கும் திருப்பதிக்காரன். அதையும் எடுத்துவிட்டால் நான் ஊரை விட்டுப் போனவன்.

இதை ரேணுகாவிடம் சொன்னேன். "இன்னொரு கண்ணாலம் பண்ணிக்க சொன்னாப்ல இல்ல மூஞ்ச வெச்சிக்கினு கீறீங்க" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சேர வேணாம், வுடுங்க" என்றாள்.

6

கொடிகள் தீர்ந்துபோயின. அதே சமயம் எங்கள் கிளையின் ஆண்டு விழாவும் வந்தது. இரண்டையும் சாக்காக வைத்துக்கொண்டு ஊருக்குப் போக முடிவு செய்தேன். பாலத்தில் இருப்பவன் பாலத்தை விட்டு இறங்கித் திரும்பி ஏறுவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். பயணத்துக்குக் காரணம் கேட்டார்கள். சங்கத்தின் ஆண்டு விழா என்று போடச் சொன்னேன். கார்த்திக் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கப்பா" என்று சொல்லி, 'குடும்ப விழா' என அடித்தான். அதைப் படித்துப் பார்த்தேன். தப்பாகப் படவில்லை.

புறப்படுவதற்கு முன் கிரஹாம் தங்கள் கிளையின் கொடி ஒன்றைக் கொடுத்தார். உங்கள் ஆட்களுக்கு எங்கள் அன்பு என்றார்.

ரேணிகுண்டாவில் இறங்கியதும் ரத்னம் காத்திருந்தான். வயிறு முன்னால் வந்திருந்தது, பல் ஒன்று குறைந்திருந்தது. வழியெல்லாம் பேசினான். என் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். நான் ஆசையோடு கேட்ட ஒரே கேள்வி, கொடி அடித்து வைத்திருக்கிறாயா என்பதுதான். "கீது கீது, ஃபங்ஷன்ல குடுப்பாங்க" என்றான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

விழா ஒரு ஹோட்டலின் மேல்மாடியில். புதுத் தலைவர் இளைஞர், கோச்சிங் சென்டர் நடத்துகிறவர். பாதிப் பேரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தூரத்திலிருந்து கையை ஆட்டினார்கள். நான் பின்வரிசையில், என் பழைய நாற்காலிப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். தலைவர் மணியடித்தார். மைக்கைப் பிடித்து, "மன மத்யலோ ஒக ஸ்பெஷல் கெஸ்ட் உன்னாரு" என்றார். நம் நடுவே ஒரு சிறப்பு விருந்தாளி இருக்கிறார். நானும் எல்லோரையும்போல் கழுத்தைத் திருப்பி, யார் அது என்று பார்த்தேன். "ஃப்ரம் ஆஸ்திரேலியா" என்றார்.

ரத்னம் என் தோளைத் தொட்டு, "போ, போ" என்றான்.

மேடைக்குப் போனேன். தலைவர் தங்கள் கொடியை நீட்டினார். புதுக் கொடி. கம்ப்யூட்டரில் வரைந்த ஏழு மலை, எல்லாம் ஒரே அளவு, ஒன்றுகூட நெருக்கப்படவில்லை. போட்டோக்காரர் காத்திருந்தார். நான் பதிலுக்கு என் கொடியைக் கொடுக்க வேண்டும். பையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், கிரஹாம் கொடுத்தது. எடுத்துக் கொடுத்தேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தார்கள்.

வருஷக்கணக்காகக் கொடி மாற்றிய கையோடு நான் வேறு எதையும் பேசியதில்லை. வாய் தானாக, ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டது. "நான் ஒரு மலையடிவாரத்து ஊரிலிருந்து வருகிறேன். தென்னிந்தியா முழுவதும் அங்கே கடவுளைப் பார்க்க வந்து கண்ணாடியைத் தொலைக்கும். நீங்கள் வந்தால் என் வீட்டுக்கு..."

அங்கே நிறுத்தினேன். ஜன்னல் வழியாக மலை தெரிந்துகொண்டிருந்தது. கூட்டம் ஒரு நொடி விழித்தது. பிறகு கொல்லென்று சிரித்து, பெரிதாகக் கைதட்டியது. நல்ல ஜோக் என்று நினைத்துக்கொண்டார்கள். தலைவர்கூட, "சூப்பர் அங்கிள்" என்று கை குலுக்கினார்.

சாப்பாட்டில் என்னைச் சூழ்ந்துகொண்டு, அங்கே குளிர் எப்படி, கங்காரு வீட்டுக்கு வருமா என்று கேட்டார்கள். பிறகு அவரவர் பேச்சுக்குப் போனார்கள். நான் தட்டோடு கை கழுவும் இடத்துப் பக்கம் நின்றேன். ரத்னம் வந்தான்.

"என்னை ஏன்டா விருந்தாளின்னு கூப்ட்டாங்க? நான் இங்க மெம்பர்தானே?"

அவன் தன் தட்டைப் பார்த்தான். "உன் பேர தூக்கி ரொம்ப நாளாச்சி கோதண்டம். அயல்நாட்ல செட்டில் ஆனவங்கள வெச்சிக்க முடியாதுன்னு கமிட்டில முடிவு பண்ணாங்க. நான் கத்திப் பாத்தேன், கேக்கல."

"நான் வாராவாரம் போட்டோ அனுப்புறேன். நீ கட்டவெரல் காட்டிக்கினுதானடா இருந்த?"

"இன்னாடா பண்ண சொல்ற? ஒவ்வொரு புதன்கெழமையும் கோட்டு மாட்டிக்கினு, கொடியப் புட்சிக்கினு, பல்லக் காட்டிக்கினு நிக்கிற. உன் பேரு இல்லன்னு நான் எந்த வாயால சொல்றது?" அவன் கண் கலங்கிவிட்டது. "பழைய கொடியும் இல்லடா. அத்த மாத்திட்டாங்க."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டால் ஊரில் எனக்கென்று இருந்த கடைசி ஆளும் போய்விடுவான் என்று பயமாக இருந்தது. "சாம்பார் ஆறுது, துன்னு" என்றேன்.

7

திரும்பி வந்த பிறகு சில வாரங்கள் எங்கேயும் போகவில்லை. ஒரு புதன்கிழமை ரேணுகாவே பிளாஸ்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "வூட்லயே ஒக்காந்துக்கினு என் உசுர எடுக்காதீங்க, போய்ட்டு வாங்க" என்றாள். கால் என்னை முதலில் போன கிளைக்கே கொண்டுபோனது. பின்னைக் குத்திக்கொள்ளவில்லை. தலைவர் மணியடித்து, "இன்று விருந்தாளிகள் யாராவது உண்டா?" என்றார். நான் எழவில்லை. விருந்தாளி என்றால் அவனுக்குச் சொந்தமாக ஒரு கிளை இருக்க வேண்டும். தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

சாப்பிட்டு முடித்ததும் கிரஹாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "முழங்கால் வலியா? எழுந்திருக்கவே இல்லையே" என்றார். என் முழங்காலை ஞாபகம் வைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிண்டல் செய்யவில்லை, சேர்ந்துவிடு என்றும் சொல்லவில்லை. மேசை விரிப்பை நீவிவிட்டு, "மலைக்குக் கீழே இருக்கும் வீட்டுக்கு எங்களை வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறாய். இங்கே இருக்கும் வீடு என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அதற்கு வரலாமா?" என்று கேட்டார்.

அப்படித்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையில் தோட்டத்து எலுமிச்சம்பழம் ஒரு பை. காரம் தின்றார், கண்ணில் நீர் வழிய வழிய நன்றாகவே தின்றார். காபி குடிப்பாராம், பால் இல்லாமல். ரேணுகா அதை ஒரு குற்றம்போல் கேட்டுக்கொண்டாள். மகனும் மருமகளும் மேகாவை நீச்சலுக்கு அழைத்துப் போயிருந்ததால் வீட்டில் நாங்கள் மூவர்தான்.

கிரஹாம் தட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து தோரணத்தின் கீழே நடந்தார். ஒவ்வொரு கொடியாகப் படித்தார். இந்த ஊருக்குக்கூடப் போயிருக்கிறாயா என்றார். தன் கிளையின் கொடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கடைசியில் ஒரே அளவான ஏழு மலைகளோடு திருப்பதியின் புதுக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. நான் விருந்தாளியாகப் போன இடங்களின் வரிசையில் ரேணுகா அதையும் கட்டியிருந்தாள். சரியாகத்தான் கட்டியிருந்தாள்.

"எல்லாம் சரி, இதில் உன்னுடையது எது?" என்றார் கிரஹாம்.

நானும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது. "என்னுடையது இதில் இல்லை கிரஹாம். அதைத்தான் ஊர் ஊராகக் கொடுத்துவிட்டேனே."

அவர் தன் கிளையின் கொடியைக் காட்டினார். "எங்களிடம் ஒன்று இருக்கிறது. ஒரு மலை தொற்றிக்கொண்டிருக்குமே, அது. மணி வைக்கும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமா? புதன்கிழமை எடுத்து வருகிறேன்."

வேண்டும் என்றுதான் மனசு சொன்னது. கொடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது என்று நம் வளர்ப்பு சொன்னது. "வேண்டாம், வேண்டாம். உங்களிடமே இருக்கட்டும்" என்றேன்.

ரேணுகா ஆங்கிலம் தெரியாதவள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுப்படியிலிருந்தபடியே சொன்னாள்: "கேக்குறாரு இல்ல, வாங்கிக்கினாதான் இன்னா? அத்த வுட்டா உங்களுக்கு வேற இன்னா கீது?"

"உன் மனைவி என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் கிரஹாம்.

"இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்கொள்ளச் சொல்கிறாள்" என்றேன்.

கிரஹாம் தட்டை நீட்டினார்.